எங்கள் பிள்ளைகள் எந்தப் புத்தகத்தில் இருக்கிறார்கள்? மலையகமும் சமூக நீதி பேசும் சிறுவர் நூல்களும்

தோட்டத்து டீச்சர் (பொகவந்தலாவை):

எல்லாருக்கும் வணக்கம். இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் படிக்கும் எங்கள் பாடசாலையில் வாசிப்பு மூலை ஒன்று நடத்துகிறோம். பழைய மாணவர்கள் அனுப்பியது, கொழும்பிலிருந்து பெட்டி பெட்டியாக வந்தது, ஆசிரியர்கள் காசு போட்டு வாங்கியது என்று புத்தகங்கள் ஓரளவுக்குச் சேர்ந்துவிட்டன. தரம் 3 முதல் 9 வரையான பிள்ளைகள் வந்து எடுத்துப் போகிறார்கள். மிருகக் கதைகள், தெனாலிராமன், விஞ்ஞானிகளின் வாழ்க்கை, சென்னைப் பிள்ளைகள் ஆட்டோவில் பள்ளிக்கூடம் போகும் படக்கதைகள் எல்லாம் இருக்கின்றன.

லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, படி இறங்கி வரும் பிள்ளை அவற்றில் இல்லை. விடிந்தும் விடியாமலும் பிரட்டுக்கு (காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு) ஓடுகிற அம்மா இல்லை. தம்பியைப் பிள்ளைக்காம்பரா என்ற குழந்தைகள் காப்பகத்தில் விட்டுவிட்டு மூச்சு வாங்க வகுப்புக்குள் நுழைகிற அக்கா இல்லை. இவர்களைத் தேடினால் பெரியவர்களுக்கு எழுதிய சிறுகதைகளில்தான் கிடைக்கிறார்கள். நல்ல கதைகள், நானே வாசித்து அழுதிருக்கிறேன். ஆனால் பத்து வயதுப் பிள்ளையிடம் அவற்றை எப்படிக் கொடுப்பது? ஒன்று முடிந்தால் அடுத்ததும் துயரம்தான்.

எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆட்கள் பட்ட பாடு பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். அதைவிட, எங்கள் ஆட்கள் என்ன செய்தார்கள் என்று தெரிய வேண்டும். கேள்வி கேட்டவர்கள், பாட்டுப் பாடிக் கூட்டம் சேர்த்தவர்கள், பள்ளிக்கூடம் கேட்டு நின்றவர்கள் இருந்திருக்கிறார்கள். எட்டு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு அப்படிப்பட்ட புத்தகம் ஏதும் உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். வேறு நாட்டுப் பிள்ளைகளின் கதைகளும் வேண்டும். ஒன்றும் இல்லையென்றால் நாங்களே எழுத வேண்டியதுதான். அப்போது எதிலிருந்து தொடங்குவது?

ஊவா வாசகன் (பதுளை):

டீச்சர், உங்கள் நோக்கம் நல்லது. இருந்தாலும் எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் தரம் 5 பிள்ளைகளில் கொஞ்சப் பேர் ஒரு பந்தியைத் தடங்காமல் வாசிக்கவே சிரமப்படுகிறார்கள். புலமைப்பரிசில் பரீட்சை முடிந்ததும் புத்தகத்தைத் தூக்கி வைத்துவிடுகிறார்கள். ஒரு பிள்ளை ஆசையாகத் தெனாலிராமனை எடுத்தால் எடுக்கட்டும், அதைத் தடுக்காதீர்கள். சமூக நீதி என்று சொல்லி வருகிற பல புத்தகங்கள் மேடைப் பேச்சு மாதிரி இருக்கின்றன. கடைசிப் பக்கத்தில் எல்லாரும் சமம் என்று ஒரு வசனம். பிள்ளை அதைப் பரீட்சைக்குப் பாடமாக்கும், அவ்வளவுதான். முதலில் வாசிக்கிற ஆசை வரட்டும், மற்றதெல்லாம் அப்புறம்.

மாத்தளை நூலகர்:

டீச்சர் கேட்ட அதே கேள்வியை நியூயோர்க்கில் ஒரு பாலர் பாடசாலையில் ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமி கேட்டிருக்கிறாள். படப்புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள், ஏன் எப்போதும் வெள்ளைக்காரப் பிள்ளைகளே இருக்கிறார்கள் என்று கேட்டாளாம். நான்சி லாரிக் என்பவர் 1965ல் எழுதிய கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்துதான் புறப்படுகிறது. 1962 முதல் 1964 வரை அமெரிக்காவில் வெளிவந்த 5,000க்கு மேற்பட்ட சிறுவர் நூல்களை அவர் பார்த்தார். எழுத்திலோ படத்திலோ ஒரு கறுப்பினத்தவராவது வந்த நூல்கள் நூற்றுக்கு ஏழுகூட இல்லை.

இருபது வருடம் கழித்து விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தின் சிறுவர் நூல் மையம் வேறு ஒரு கணக்கெடுத்தது. கதையில் யார் வருகிறார்கள் என்பதை விட்டு, யார் எழுதுகிறார்கள், யார் வரைகிறார்கள் என்று பார்த்தது. 1985ல் அந்த நாட்டில் வெளிவந்த சுமார் 2,500 சிறுவர் நூல்களில் கறுப்பினத்தவர் ஆக்கியவை 18. எங்களுக்கும் இந்த இரண்டாவது கேள்வி முக்கியம் என்று நினைக்கிறேன். தோட்டத்தைப் பற்றி வெளியிலிருந்து வந்து எழுதுகிறவருக்குக் கொழுந்துக் கூடையும் பனிமூட்டமும் கண்ணில் படும். பறித்த கொழுந்தை நிறுக்க நிற்கும்போது அம்மா மனதுக்குள் போடுகிற கணக்கு, அந்த லயத்தில் பிறந்தவருக்குத்தான் தெரியும்.

1990ல் ருடீன் சிம்ஸ் பிஷப் என்ற பேராசிரியை எழுதிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். புத்தகம் பிள்ளைக்கு முகம் பார்க்கும் கண்ணாடியாக இருக்க வேண்டும், பிறர் வாழ்க்கையைப் பார்க்கும் ஜன்னலாக இருக்க வேண்டும், உள்ளே நுழைந்து பார்க்கும் கதவாகவும் இருக்க வேண்டும் என்றார். இதைப் பலர் எடுத்துச் சொல்கிறார்கள். ஆனால் அவர் கூடவே சொன்ன இன்னொன்றை விட்டுவிடுகிறார்கள். எல்லாப் புத்தகத்திலும் தன் முகத்தையே பார்த்து வளர்கிற பிள்ளைக்கும் கேடுதான், உலகத்தில் தன் இடம் எது என்று அதற்குத் தவறாகப் பதிந்துவிடும் என்றார். 2012 குடிசன மதிப்பீட்டில் இந்திய வம்சாவளித் தமிழர் என்று பதிவானவர்கள் நாட்டில் நூற்றுக்கு நான்கு பேர் அளவில். எங்கள் பிள்ளையைப் பற்றிய புத்தகம் எங்கள் பிள்ளைக்கு எவ்வளவு தேவையோ, அவ்வளவுக்குக் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மாத்தறையிலும் இருக்கிற பிள்ளைக்கும் தேவை.

தோட்டத்து டீச்சர் (பொகவந்தலாவை):

நூலகர் ஐயாவுக்கு நன்றி. ஊவா வாசகன் அண்ணாவுக்கு ஒரு பதில்.

வாசிக்கிற ஆசை முதலில் வர வேண்டும், சரி. ஆனால் அந்த ஆசை எங்கிருந்து வருகிறது? ரூபி பிரிட்ஜஸின் கதையைத் தரம் 5 பிள்ளைகளுக்கு நான் வாய்வழியாகச் சொன்னேன். 1960 நவம்பரில், நியூ ஓர்லியன்ஸ் நகரில், அதுவரை வெள்ளையர் பிள்ளைகள் மட்டும் படித்த பாடசாலைக்கு ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி போகிறாள். வாசலில் கூட்டம் நின்று கத்துகிறது. அரசாங்கக் காவல் அதிகாரிகள் அவளைக் கூட்டிப் போகிறார்கள். மற்றப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை நிறுத்திவிட, பார்பரா ஹென்றி என்ற ஆசிரியை அந்த வருடம் முழுவதும் அவள் ஒருத்திக்கு மட்டும் படிப்பிக்கிறார்.

நான் கதையை முடித்தும் பிள்ளைகள் எழும்பவில்லை. அவளுக்கு விளையாட யார் இருந்தார்கள்? கத்தினவர்களுக்குப் பிள்ளைகள் இல்லையா? அந்த டீச்சருக்கு யாரும் ஏசவில்லையா? இப்படியே கேள்விகள். அப்புறம் ஒரு பிள்ளை, டவுன் பாடசாலைக்குப் போன தன் அண்ணனை அங்கே தோட்டத்தான் என்று கூப்பிட்டதைச் சொன்னது. இன்னொன்று, தானும் அப்படி ஒரு வார்த்தையை வேறொருவரிடம் சொன்னதாகச் சொன்னது. நான் ஒரு உபதேசமும் செய்யவில்லை. அடுத்த கிழமை அதே பிள்ளைகள் அந்தக் கதை புத்தகமாக இருக்கிறதா என்று கேட்டு வந்தார்கள். தடங்கி வாசிக்கிற பிள்ளையும் வந்தது.

மேடைப் பேச்சு மாதிரியான புத்தகம் எனக்கும் வேண்டாம். நியாயம் அநியாயம் என்பது பிள்ளைகளுக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டிய பாடம் இல்லை. பாணைப் பங்கு வைக்கும்போதே அவர்கள் அதைப் பேசிக்கொள்கிறார்கள்.

கொட்டகலை அக்கா:

நான் டீச்சர் இல்லை, அம்மா. மகனுக்கு எட்டு வயது, மகளுக்குப் பன்னிரண்டு. எனக்குப் பயம் வயதைப் பற்றித்தான். 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் சம்பளம் கேட்டவர்கள் மீது பொலிஸ் சுட்டு கோவிந்தன் செத்ததை, 1977 மேயில் டெவன் தோட்டத்தில் காணி பறிபோகக் கூடாது என்று நின்ற சிவனு லட்சுமணன் சுடப்பட்டதை மகளுக்குச் சொல்லலாம். அவள் தாங்குவாள், ஏன் என்று கேட்பாள். சின்னவனுக்குச் சொன்னால் இரவில் தூங்கமாட்டான். லயங்களைப் புதைத்த மீரியபெத்தை மண்சரிவு 2014 ஒக்டோபரில் நடந்தது, அவன் பிறக்கவே இல்லை. ஆனாலும் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு, கடும் மழை பெய்தால் எங்கள் லயமும் போய்விடுமா என்று கேட்கிறான். அவனுக்கு நான் இன்னும் பயத்தைக் கொடுக்க மாட்டேன்.

அவன் வயதுக்கு வேறு கதை இருக்கிறது. எங்கள் அப்பா சொல்வார், தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கட்டிய கோ. நடேசய்யர் தோட்டத்துக்குள் வெளியாள் போக முடியாத காலத்தில் புடவை வியாபாரி மாதிரி வேஷம் போட்டு லயத்துக்குள் போனார் என்று. மகன் அதைத் திரும்பத் திரும்பக் கேட்பான். தோட்டத்துத் துரை பார்த்தாரா, வேலையை மேற்பார்க்கிற கங்காணி பிடித்தாரா, பொதிக்குள் நிஜமாகவே புடவை இருந்ததா என்று கேட்டுக்கொண்டே இருப்பான். அவருடைய மனைவி மீனாட்சியம்மையைச் சொன்னால் மகளுக்குக் கண் விரியும். பொம்பளைகள் வெளியே வந்து பேசாத காலத்தில் அந்த அம்மா கூட்டம் கூட்டமாகப் போய், தொழிலாளர் கஷ்டத்தைத் தானே பாட்டாக எழுதிப் பாடினார். தோட்ட வேலைக்குப் போகிற பொம்பளைகள் அதைக் கேட்டார்கள். வேஷம், பாட்டு, பிடிபடாமல் தப்புவது எல்லாம் இந்தக் கதையில் இருக்கிறது. இதைவிடப் பிள்ளைகளுக்கு என்ன வேண்டும்? இவ்வளவு இருந்தும் நல்ல படம் போட்ட ஒரு சின்னப் புத்தகமாக இது என் கையில் கிடைத்ததே இல்லை.

மகியாவ மாணவன் (கண்டி):

நான் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன், வளர்ந்தது கண்டி மகியாவயில். நகரத்தைத் துப்புரவு செய்கிறவர்களின் குடும்பங்கள் வாழ்கிற இடம். இந்த இழையில் இதுவரை ஒரு விஷயம் வரவில்லை, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

மலையகப் புத்தகம் என்றாலே துரை ஒரு பக்கம், தொழிலாளி ஒரு பக்கம் என்று எழுதிவிடுகிறோம். எங்களுக்குள்ளே சாதி இருந்தது, இருக்கிறது. கங்காணிகள் இந்தியாவிலிருந்து ஆள்கட்டி வரும்போதே சாதியையும் கட்டிக்கொண்டு வந்தார்கள். எந்த வீட்டில் தண்ணீர் குடிக்கலாம், கோயிலில் யார் எங்கே நிற்பது, காமன் கூத்தில் யார் வேஷம் கட்டுவது, யார் தப்புப் பறை அடிப்பது என்பதில் எல்லாம் அது இருந்திருக்கிறது. பிள்ளைகளுக்கு இது தெரியாது என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். ஏழு வயதிலேயே எனக்குத் தெரியும், விளையாடக் கூப்பிடாத வீடு எது என்று.

எனக்குப் பதின்மூன்று வயதில் ஒரு ஆசிரியர் அம்பேத்கரின் சிறுவயதைப் பற்றிச் சொன்னார். பாடசாலையில் தாகம் எடுத்தாலும் அவர் குழாயைத் தொடக்கூடாது, பியூன் வந்து திறந்துவிட வேண்டும். பியூன் வராத நாளில் தண்ணீர் இல்லை. 1901ல் அப்பாவைப் பார்க்கப் பிள்ளைகளாகப் பயணம் போனபோது, சாதி தெரிந்ததும் வண்டிக்காரன் வண்டி ஓட்ட மறுத்தான். அதைக் கேட்டுவிட்டு நான் வீட்டில் போய்ப் பேசினேன், முதல் தடவையாக அம்மாவும் பேசினார். 1848ல் புனேயில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திய சாவித்திரிபாய் பூலே மீது போகிற வழியில் சாணி வீசினார்கள், அதற்காக அவர் மாற்றுச் சேலை கொண்டு போவார் என்பதும் பிள்ளைகளுக்குச் சொல்லக்கூடிய கதைதான்.

அக்கா, பயத்தைக் கொடுக்கக் கூடாது என்கிறீர்கள், ஏற்கிறேன். ஆனால் சில பிள்ளைகளிடம் அந்தப் பயம் ஏற்கனவே இருக்கிறது. அவர்களுக்கு இந்தக் கதைகள் துணை.

கம்பளை வாசகி:

தம்பி சொன்னதைத் தொடர்ந்து நானும் ஒன்று சொல்ல வேண்டும். நான் முஸ்லிம், எங்கள் ஊரில் மூன்று சமூகமும் ஒரே பஸ்ஸில் போகிறோம். மலையகப் பிள்ளைகளுக்கான புத்தகம் என்று பேசும்போது இந்த மலையில் வேறு யாருமே இல்லாதது போல எழுதிவிடாதீர்கள். கண்டி இராச்சிய காலத்தில் பொதிமாடு ஓட்டி உப்பும் கருவாடும் மலைக்குக் கொண்டுவந்தவர்களில் எங்கள் முன்னோர் உண்டு.

சிங்களக் கிராமத்துப் பிள்ளையின் பாட்டனுக்கும் ஒரு கதை இருக்கிறது. 1840ல் ஆங்கிலேயர் கொண்டுவந்த சட்டத்தின்படி, காணி உறுதிப் பத்திரம் காட்ட முடியாத காடும் சேனைப் பயிர் நிலமும் முடிக்குரிய நிலமாகிவிட்டது. அந்த நிலம்தான் கோப்பித் தோட்டமானது, கோப்பியில் நோய் விழுந்த பிறகு தேயிலைத் தோட்டமானது. காணி இழந்தவர் கிராமத்தில் நின்றார், காணியே இல்லாதவர் கடல் தாண்டி வந்து லயத்தில் நின்றார். இரண்டு பேரையும் அங்கே நிறுத்தியது ஒரே ஆட்சி. பிறகு அவர்களின் பேரப்பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துப் பயந்தார்கள். 1977லும் 1983லும் தமிழர் மீது நடந்த வன்முறை உங்களுக்குத் தெரியும். அதே நாட்களில் அயலவரைத் தன் வீட்டில் ஒளித்து வைத்த சிங்களக் குடும்பங்களும் இருந்தன. பன்னிரண்டு வயதுக்கு மேல் இதைச் சொல்லலாம், சொல்ல வேண்டும்.

ஆகவே எழுதினால் ஒரே பக்கத்தில் தமிழும் சிங்களமும் இருக்கட்டும். எங்கள் பாடசாலைகள் மொழியால் பிரிந்தே இருக்கின்றன. புத்தகமாவது இரண்டு வகுப்பறைக்கும் போகட்டும்.

கூடலூர்ப் பேரன் (நீலகிரி):

இலங்கை நண்பர்கள் மன்னிக்க வேண்டும், நான் இக்கரையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் தாத்தா பாட்டி இலங்கைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பியோர் என்ற பெயரில் இந்தியாவுக்கு வந்தவர்கள். எங்கள் ஆட்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிய 1948 குடியுரிமைச் சட்டம், அவர்களை இரண்டு நாட்டுக்கும் பங்கிட்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எல்லாம் பெரியவர்கள் புத்தகத்தில் எண்களாக இருக்கும். 9,75,000 பேர், அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று விட்டார்கள். 1974ல் அதையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். இதைப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது?

எங்கள் வீட்டில் சொன்ன மாதிரி சொல்லலாம். அக்காவுக்கு இந்தியா கிடைத்தது, தங்கைக்கு இலங்கை கிடைத்தது. தலைமன்னாருக்குப் போகும் ரயிலில் ஏறும்போது இருவரும் கையை விடவில்லை. கப்பலில் இராமேஸ்வரம் இறங்கி, நீலகிரியில் அரசாங்கம் தொடங்கிய தேயிலைத் தோட்டத்திலேயே மறுபடியும் கொழுந்து எடுத்தார்கள். இங்கே எங்களைச் சிலோன்காரர்கள் என்றார்கள், அங்கே மிஞ்சியவர்களை இந்தியாக்காரர்கள் என்றார்கள். என் மகளிடம் இதைச் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றுதான்: யார் அனுப்பியது, அவர்களிடம் கேட்டார்களா? அந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிற ஒரு கதை வந்தால் இரண்டு கரையிலும் வாசிப்பார்கள். நீங்கள் தொடங்கினால் இங்கிருந்து கடிதங்கள், பழைய கடவுச்சீட்டுப் படங்கள் அனுப்ப நான் தயார், பெயர்களை மறைத்துவிட்டு.

மாத்தளை நூலகர்:

எழுதத் தொடங்க வெறுங்கையாக இல்லை. நூலகம் என்ற இணையத்தளம் 2005லிருந்து ஈழத்து, மலையக நூல்களையும் சஞ்சிகைகளையும் மின்வடிவில் சேர்த்து வருகிறது. பெரியவர்களுக்கான எழுத்துத்தான், ஆனால் அங்கே கதைக்கு வேண்டிய விஷயம் கொட்டிக் கிடக்கிறது. மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை சேர்த்துவைத்த தோட்டத்துப் பாடல்களிலிருந்து ஒரு பிள்ளைகள் புத்தகத்துக்குத் தேவையான தாளமே கிடைத்துவிடும். இந்தியாவின் பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம், ஆக்கியவர் பெயரைக் குறிப்பிட்டு மாற்றி எழுதவும் அச்சிடவும் அனுமதி உண்டு. அங்குள்ள தமிழ் இந்தியத் தமிழ், எங்கள் பிள்ளைகள் சில இடங்களில் தடங்குவார்கள். அதைத் திருத்திக்கொள்ளலாம். ரூம் டு ரீட் நிறுவனமும் இலங்கையில் சிங்களத்திலும் தமிழிலும் பிள்ளைகள் புத்தகம் போட்டிருக்கிறது, வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

புத்தகம் தெரிவு செய்யும்போது நான் பார்க்கிற ஒன்று: கதையில் பிரச்சினையைத் தீர்ப்பது யார்? வெளியிலிருந்து ஒரு நல்ல ஐயா வந்து தீர்த்துவைத்தால் அதை நான் வாங்குவதில்லை. தோட்டத்துப் பிள்ளையோ அதன் அம்மாவோ ஒரு அடி எடுத்து வைக்க வேண்டும். தோற்றாலும் பரவாயில்லை.

ஊவா வாசகன் (பதுளை):

நான் சொன்னதில் பாதியில் இன்னும் நிற்கிறேன்: நன்றாக எழுதாவிட்டால் பிள்ளை தொடாது. ஆனால் புடவைப் பொதி கதையை நேற்று என் அண்ணன் மகளிடம் சொன்னேன், விடவே இல்லை. அதையே முதலில் எடுங்கள். இருபத்துநான்கு பக்கம், பக்கத்துக்கு மூன்று நான்கு வசனம், பெரிய எழுத்து. பதுளையில் அச்சகம் வைத்திருக்கிற நண்பரிடம் விலை கேட்டுச் சொல்கிறேன். இலவசக் கல்வி 1945ல் வந்தும் தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே கிடந்து, 1970களில்தான் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. அந்த இடைக்காலத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்ற எங்கள் அம்மாக்களின் கதை இரண்டாவது புத்தகமாக வரட்டும்.

தோட்டத்து டீச்சர் (பொகவந்தலாவை):

சரி, அப்படியே செய்வோம். நடேசய்யர், மீனாட்சியம்மை கதை முதலில். அட்டையில் மீனாட்சியம்மை முன்னால் நிற்க வேண்டும் என்று என் வகுப்புப் பிள்ளைகள் இப்போதே சொல்லிவிட்டார்கள், காரணம் கேட்டால் பாடினது அவர்தானே என்கிறார்கள். படத்தை அவர்களே வரையட்டும்.

எனக்கு ஒரு ஆசையும் உண்டு. 1867ல் ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைக்காரத் துரை லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார் என்று பிள்ளைகள் படிக்கிறார்கள். அந்த 19 ஏக்கரில் காட்டை வெட்டினவர், குழி தோண்டினவர், கன்று நட்டவர் ஒருவர் பெயரும் அவர்களுக்குத் தெரியாது. பெயர் கிடைக்காவிட்டாலும் அவர்களை வைத்து ஒரு கதை எழுத வேண்டும். அது மூன்றாவது.

கொட்டகலை அக்கா, உங்கள் அப்பா சொன்னதை அவர் சொன்ன மாதிரியே எழுதி அல்லது கைத்தொலைபேசியில் பேசி அனுப்புங்கள். மகியாவத் தம்பி எழுத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும், கூட்டத்தில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பது உட்பட. கம்பளை வாசகி, சிங்களத்தில் பிள்ளைகளுக்குத் தக்கபடி எழுதக்கூடிய ஒருவரை உங்களுக்குத் தெரியுமா? பாடப்புத்தகச் சிங்களம் வேண்டாம், வீட்டில் பேசுகிற மாதிரி வேண்டும். டிசம்பர் விடுமுறைக்கு முன் முதல் வரைவு கையில் இருந்தால், பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டி எங்கே கொட்டாவி விடுகிறார்கள் என்று பார்த்துத் திருத்தலாம்.